தலைகீழாக உட்காரும் ஈ: சதுப்பு ஈக்களைப் படத்தில் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

நீரோரத்துப் புல் ஒன்றில் பழுப்பு நிற ஈ. தலை கீழே, வால் மேலே என்று தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முகத்துக்கு முன்னால் இரண்டு உணர்கொம்புகள் நேராக நீண்டு நிற்கின்றன. நாம் நெருங்கினால் உடனே பறப்பதில்லை, தண்டின் மறுபக்கத்துக்கு மெல்ல நகர்ந்துகொள்கிறது. இவ்வளவும் பொருந்தி வந்தால் அது சதுப்பு ஈயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வாய்ப்பு மட்டும்தான். அதை உறுதி செய்ய எந்தப் படங்கள் வேண்டும், அவற்றில் எதைப் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் "இதற்கு மேல் சொல்ல முடியாது" என்று நிறுத்த வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்றாவதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சதுப்பு ஈக்களின் குடும்பத்துக்கு அறிவியல் பெயர் ஸயோமைசிடே. ஆங்கிலத்தில் 'மார்ஷ் ஃப்ளை'. ஒரே ஒரு ஒலி மாறி 'மார்ச் ஃப்ளை' ஆனால் அது வேறு ஈ. பல நாடுகளில் அந்தப் பெயர் பிபியானிடே என்ற கறுப்பு ஈக்களைக் குறிக்கும். ஆஸ்திரேலியாவிலோ இரத்தம் குடிக்கும் குதிரை ஈக்களை அப்படி அழைக்கிறார்கள். இணையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் படம் தேடும்போது இந்த மூன்றும் கலந்து வந்து நிற்கும். அதனால் தேடலில் ஸயோமைசிடே என்ற பெயரையே பயன்படுத்துங்கள், பாதித் தலைவலி குறையும். நம் சதுப்பு ஈ யாரையும் கடிக்காது.

இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றின் புழுக்கள் நத்தைகளைத் தின்று வளர்கின்றன, அதனால் 'நத்தைக்கொல்லி ஈ' என்றும் பெயர். சில இனங்கள் சிறு நன்னீர்ச் சிப்பிகளையும், சில நத்தை முட்டைகளையும், மிகச் சில மண்புழு வகை உயிர்களையும் தின்னும். அமெரிக்கப் பூச்சியியலாளர் கிளிஃபர்ட் பெர்க் 1953இல் இந்த நத்தை உணவுப் பழக்கம் பற்றி எழுதிய பிறகுதான் இவற்றின் மீது பெரிய அளவில் கவனம் திரும்பியது. 1950களின் இறுதியில் ஹவாய்த் தீவுகளுக்கு மத்திய அமெரிக்காவிலிருந்து ஓர் இனத்தைக் கொண்டுபோயே விட்டார்கள். கால்நடைகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவைப் பரப்பும் நத்தைகளைக் குறைப்பது நோக்கம். படம் எடுக்கப் போகிறவருக்கு இந்தக் கதை எதற்கு என்றால், ஈயைத் தேடும் இடத்தை அதுதான் சொல்கிறது. நத்தை இருக்கும் இடத்தில் தேடுங்கள்.

இடம்

ஆழமில்லாத, அசையாத நீர். ஓரத்தில் கோரை, நாணல், உயரமான புல். தண்டுகளில் ஒட்டிய சிறு நத்தைகள். இப்படி ஒரு விளிம்பில் பத்து நிமிடம் குனிந்து நின்றாலே போதும். நெல் வயல்களும் இதில் அடங்கும்; ஆசியாவின் வயல்வெளிகளில் செபிடான் என்ற பேரினம் பரவலாக வாழ்கிறது. நீரின் நடுவே தேட வேண்டாம், செடிகள் அடர்ந்த கரையோரம்தான் இவற்றின் இடம்.

பெயரில் சதுப்பு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். தரை நத்தைகளைக் கொல்லும் இனங்கள் நீரே இல்லாத புல்வெளியிலும் மரநிழலிலும் திரியும். ஐரோப்பாவின் கோரமாசெரா மார்ஜினேட்டா அப்படி ஒன்று. கறுத்த இறக்கையில் வெளிர்ப் புள்ளிகள் தெளித்த அழகான ஈ, வறண்ட புல்மேட்டில்கூட உட்கார்ந்திருக்கும். ஆக, நீர் இல்லாத இடம் என்பதற்காக ஒரு படத்தை ஒதுக்கிவிட முடியாது. நீருக்கு அருகே இருந்தது என்பதற்காகச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது, நீரோரத்தில் உட்காரும் ஈக்குடும்பங்கள் ஏராளம்.

நேரத்தைப் பொறுத்தவரை வெயில் ஏறாத காலைதான் நல்லது. உடல் சூடாகாத ஈ சோம்பலாக இருக்கும், நாம் தடுமாறினாலும் மன்னிக்கும்.

எத்தனை படம், எந்தக் கோணம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடையாளம் காண்பதில் தோற்பதற்கு முக்கியக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, ஒரே கோணத்தில் எடுத்த பத்துப் படங்கள். மேலிருந்து எடுத்த பத்துப் படமும் ஒரு படத்துக்குச் சமம்தான்.

முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். ஈ பறந்துவிட்டால் இதாவது மிஞ்சும். உட்காரும் விதமும் செடியும் அளவும் இதில் பதிவாகும். அப்புறம் மெல்ல நெருங்குங்கள். நிழல் அதன் மேல் விழக் கூடாது. தண்டின் பின்னால் ஒளிந்துகொண்டால் நீங்கள் சுற்றிப் போக வேண்டியதில்லை. கேமரா இல்லாத கையைத் தண்டின் அந்தப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோனால் அதுவே உங்கள் பக்கம் திரும்பி வரும். ஓணானோடு விளையாடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டாவது, நேர் பக்கவாட்டுப் படம். நாலு கோணத்தில் ஒன்றுதான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கேட்டு வாங்குவேன். உணர்கொம்பின் கணுக்கள், முகத்தின் சரிவு, கால் முட்கள், முன்னங்காலின் அடிப்பகுதிக்கு மேலே மார்பின் பக்கச்சுவர் என எல்லாம் இதில்தான் தெரியும். 'நேர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் உணர்கொம்பு குட்டையாகத் தோன்றும், கணுக்களின் நீள விகிதம் மாறிவிடும்.

மூன்றாவது மேலிருந்து: நெற்றி, தலையுச்சி முட்கள், முதுகு. நான்காவது நேர் முகம். இதைப் புதியவர்கள் பெரும்பாலும் எடுப்பதே இல்லை. ஆனால் சில பேரினங்களின் அடையாளம் முகத்தில் இருக்கும் ஒரே ஒரு கறுப்புப் புள்ளிதான்! ஐந்தாவது இறக்கை. சதுப்பு ஈக்கள் பெரும்பாலும் இறக்கைகளை வயிற்றின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து வைக்கும். இரண்டு இறக்கைகளின் நரம்புகளும் சேர்ந்து தெரிந்தால் கண் ஏமாறும். பக்கவாட்டில் சாய்வாக, மேலே இருக்கும் இறக்கை மட்டும் குவியத்தில் விழும்படி எடுத்துப் பாருங்கள். எதிர் வெளிச்சம் கிடைத்தால் நரம்புகள் கோடு போட்டதுபோல் தெளிவாக விழும்.

ஃப்ளாஷ் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த ஈக்களின் உடலில் சாம்பல் பூத்ததுபோல் நுண்ணிய தூள்படலம் இருக்கும். எங்கே தூள் இருக்கிறது, எங்கே இல்லாமல் மினுங்குகிறது என்பதே ஓர் அடையாளம். நேராக அடிக்கும் ஃப்ளாஷ் வெளிச்சம் மங்கலான இடத்தையும் மினுங்க வைத்துவிடும். வெள்ளைத் தாளோ மெல்லிய துணியோ வைத்து ஒளியைப் பரப்புங்கள், ஒரே இடத்தை இரண்டு ஒளிக்கோணங்களில் எடுங்கள். இரண்டிலும் மினுங்கினால்தான் அது மினுக்கம்.

கைப்பேசியால் முடியுமா என்று கேட்பார்கள். நெருங்கிய படத்துக்கான ஒட்டு லென்ஸ் மாட்டினால் 8 மில்லிமீட்டர் ஈயின் குடும்பம் வரை வரலாம். 3 மில்லிமீட்டர் ஈயின் கால் முள்ளுக்கு மேக்ரோ லென்ஸ் வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 2 முதல் 12 மில்லிமீட்டர் வரை எல்லா அளவும் உண்டு. அளவு தெரியாவிட்டால் பின்னால் தடுமாறுவோம். ஈ போன பிறகு அதே தண்டின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஒரு சின்ன விஷயம். தலைகீழாக உட்கார்ந்த ஈயின் படத்தை 'நேராக்கி'ச் சேமிக்காதீர்கள். அது உட்கார்ந்த விதமே ஒரு தடயம்.

குடும்பம்: சதுப்பு ஈ தானா?

பேரினப் பெயருக்குத் தாவும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலில் குடும்பத்தை முடித்துவிட்டுப் போங்கள். சில சொற்களை இப்போதே பழகிக்கொள்ளலாம். ஈயின் உணர்கொம்பில் மூன்று கணுக்கள். மூன்றாவதன் மேல் ஒற்றை மயிர் ஒன்று நிற்கும், அதைக் கொம்புமயிர் என்று வைத்துக்கொள்வோம். காலில் பருத்த பகுதி தொடை, அதற்கு அடுத்தது கீழ்க்கால். உடலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தடித்து நிற்கும் மயிர்கள் முட்கள். பூச்சியியலாளர்கள் ஒவ்வொரு முள்ளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், நமக்கு நாலைந்துதான் தேவை.

கீழ்க்காலின் நுனிக்குச் சற்று முன்னால், வெளிப்பக்கத்தில், ஒற்றை முள் நிற்கிறதா என்று பாருங்கள். சதுப்பு ஈக்கு இது உண்டு. இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் வேறு குடும்பத்தைத் தேடலாம். பழ ஈக்கள் பெரும்பாலானவை இங்கேயே விலகிவிடும்.

அப்புறம் வாயோரம். பல ஈக்களுக்கு வாயின் இரு ஓரத்திலும் முறுக்கிவிட்ட மீசைபோல் தடித்த முள் இருக்கும். சதுப்பு ஈக்கு மீசை இல்லை.

இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். அந்த விளிம்பு நரம்பு எங்கும் முறியாமல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். குட்டை மயிர்களுக்கு நடுவே பெரிய முட்கள் வரிசையாக நின்றால் அது ஹீலியோமைசிடே குடும்பமாக இருக்கலாம். அவற்றுக்கு மீசையும் உண்டு, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முன்விளிம்புக்கு அடுத்த மெல்லிய நரம்பு சதுப்பு ஈயில் முழுமையாக ஓடி விளிம்பைச் சேரும். பழ ஈயில் அது திடீரென்று செங்கோணமாக மடங்கி மங்கிப்போகும்.

இறக்கையின் பின்பகுதியில், உடலுக்கு அருகே தொடங்கும் கடைசி நரம்பு பின்விளிம்பு வரை போகிறதா? சதுப்பு ஈயில் போகும், கடைசிச் சிறு பகுதி மங்கலாக இருந்தாலும் தடம் தெரியும். புதியவர்களை அதிகம் ஏமாற்றும் லாக்ஸானிடே குடும்பத்தில் இந்த நரம்பு பாதியிலேயே நின்றுவிடும். லாக்ஸானிடே ஈக்கும் கீழ்க்கால் முள் உண்டு, மீசை இல்லை, பலவற்றுக்குப் புள்ளி இறக்கையும் உண்டு. அதனால் இந்த நரம்பும், அடுத்துச் சொல்லப்போகும் தலை முட்களும் மிக முக்கியம்.

தலையுச்சியில் முக்கோணமாக மூன்று தனிக்கண்கள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு ஜோடி முட்கள். அவை ஒன்றையொன்று பார்த்துக் குவிந்தால் லாக்ஸானிடே. இணையாகவோ விலகியோ போனால் சதுப்பு ஈ. மேலிருந்து எடுத்த படம் கூர்மையாக இருந்தால் இந்த ஒரு ஜோடி முள்ளே வழக்கைத் தீர்த்துவிடும்.

இன்னொரு நெருங்கிய உறவு டிரையோமைசிடே. ஆரஞ்சுப் பழுப்பு நிறம், காளான் மீதும் அழுகிய பொருள் மீதும் திரியும். வாய் விளிம்பு முன்னால் துருத்தி நிற்பதைப் பக்கவாட்டுப் படத்தில் பார்க்கலாம்.

கண்ணில் ஊதா நிறப் பட்டைகள் தெரிந்தால் சிலர் உடனே சதுப்பு ஈ என்று முடிவு கட்டிவிடுவார்கள். உயிருள்ள சதுப்பு ஈக்கள் பலவற்றின் கண்ணில் அழகான பட்டை உண்டு என்பது உண்மைதான். செத்துக் காய்ந்த மாதிரியில் அது மறைந்துபோகும், படம் எடுக்கும் நமக்கு மட்டும் கிடைக்கும் பரிசு அது. ஆனால் லாக்ஸானிடேவிலும் பட்டைக் கண் உண்டே! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் ஈக்களிடம் எடுபடாது. குறைந்தது மூன்று அடையாளங்கள் ஒரே திசையைக் காட்டட்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் எடுத்த சதுப்பு ஈ, இறக்கை முழுக்க வலைப்பின்னல் போட்ட ஒன்று. பூப்போட்ட இறக்கை என்றால் பழ ஈ என்ற நினைப்பில் அப்படியே பெயரிட்டு வைத்தேன். ஓராண்டுக்கு மேல் அந்தப் பெயரிலேயே கிடந்தது. வேறு எதற்கோ பழைய படங்களைப் புரட்டியபோது கீழ்க்காலில் அந்த முள் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. அன்று பார்த்திருக்கலாம், பார்க்கத் தெரியவில்லை. ஐரோப்பிய சதுப்பு ஈ ஒன்றின் பேரினப் பெயர் டிரைபெட்டாப்டெரா. டிரைபெட்டா என்பது ஒரு பழ ஈப் பேரினம். அதைப் போன்ற இறக்கை கொண்டது என்று பொருள். பெயர் வைத்தவருக்கே பழ ஈ நினைவுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பேரினம்: உணர்கொம்பிலிருந்து தொடங்குங்கள்

குடும்பம் உறுதியானால் பக்கவாட்டுப் படத்துக்குத் திரும்புங்கள். உணர்கொம்பின் இரண்டாம் கணு எவ்வளவு நீளம்? மூன்றாம் கணுவை ஒத்தோ அதைவிட நீண்டோ இருந்தால் ஒரு பெரிய கூட்டம் நமக்குக் கிடைக்கிறது, குட்டையாக இருந்தால் இன்னொன்று. குட்டையாக இருக்கும்போது முன்னங்காலின் அடிக்கு நேர் மேலே, மார்பின் பக்கத்தில், ஒரு தடித்த முள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஸயோமைசினி என்ற குழு. பெர்பெல்லியா என்ற பெரிய பேரினம் இதில்தான் வருகிறது. அந்த முள் இல்லாத பெருங்கூட்டம் டெட்டனோசெரினி. நீண்ட உணர்கொம்புக்காரர்கள் எல்லாம் இங்கேதான்.

புதியவர்கள் முதலில் பழக வேண்டியது செபிடான். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று எங்கும் உண்டு, ஒருமுறை பார்த்தால் மறக்காது. இரண்டாம் கணு குச்சிபோல் மெலிந்து நீண்டிருக்கும், மூன்றாம் கணு நுனியை நோக்கிக் கூராகும். உடல் ஈயத்தின் சாம்பல் நீலம் அல்லது பழுப்பு. ஆசிய இனமான செபிடான் பிளம்பெல்லாவின் பெயரே ஈயம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. (ஈக்கு ஈயத்தின் பெயர் என்பது தமிழில்தான் வேடிக்கையாக இருக்கிறது.) பின்னங்கால்கள் மற்றவற்றைவிட நீளம், தொடை பருத்து அடிப்பக்கத்தில் குட்டை முட்கள் வரிசையாக நிற்கும். மடக்கி உட்கார்ந்திருக்கும்போது வெட்டுக்கிளியின் சாயல். தலையுச்சியில் தனிக்கண்களுக்கு நடுவே வழக்கமாக இருக்கும் முள் ஜோடி இதற்கு இல்லை, மேலிருந்து எடுத்த படத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

செபிடானைப் போலவே கொம்பு நீட்டும் வேறு ஈக்கள் உண்டு. அவற்றில் எந்தக் கணு நீண்டிருக்கிறது, கொம்புமயிர் எங்கிருந்து கிளம்புகிறது என்ற இரண்டு கேள்வி போதும். சைலிடே குடும்பத்து லோக்சோசெராவில் நீண்டிருப்பது மூன்றாம் கணு. நீரியிடே என்ற நெட்டைக்கால் ஈக்களில் கொம்புமயிர் உணர்கொம்பின் நுனியிலிருந்தே கிளம்பும். செபிடானில் அது மூன்றாம் கணுவின் முதுகிலிருந்து எழும்.

அடுத்து டெட்டனோசெரா. வடக்கு நாடுகளில் இதுதான் அதிகம் கண்ணில் படும். மஞ்சள் பழுப்பு உடல், பெரும்பாலும் புள்ளியில்லாத இறக்கை, குறுக்கு நரம்புகளின் மேல் மட்டும் கறை படிந்ததுபோல் இருக்கும். நெற்றியின் நடுவே தூள் இல்லாத, மினுங்கும் ஒடுக்கமான பட்டை. ஃப்ளாஷ் எச்சரிக்கையை இதற்காகத்தான் சொன்னேன். கொம்புமயிரில் கிளை மயிர்கள் கறுப்பாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் கொம்புமயிரின் நிறம், அதாவது வெள்ளையா கறுப்பா என்பது, பல இடங்களில் தீர்ப்பு சொல்லும். வெளிர்ப் பின்னணியில் வெள்ளை மயிர் காணாமல் போகும், இருண்ட பின்னணி அமையும் கோணத்திலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

வலைப்பின்னல் இறக்கை என்றால் முகத்தைப் பாருங்கள். முகத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் டிக்டியாவை நினைக்கலாம். வலை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது; வட அமெரிக்காவில் இனங்கள் அதிகம். புள்ளி முகத்தின் நடுவே இல்லாமல், உணர்கொம்பின் அடிக்கும் கண்ணுக்கும் இடையில் வெல்வெட் துண்டு ஒட்டியதுபோல் இருந்தால் லிம்னியா, யூதிசெரா பக்கம் போங்கள். முகப் படம் எடுக்காதவர் இங்கே மாட்டிக்கொள்வார். இறக்கையை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்கப் பார்த்து நான் பல மாலைகளை வீணாக்கியிருக்கிறேன்.

பெர்பெல்லியாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சிறியவை, இறக்கை சிலவற்றில் வெறுமை, சிலவற்றில் புள்ளி. புதியவர் பேரினம் வரை வந்தாலே பெரிய விஷயம்.

எங்கே நிறுத்துவது

இனப் பெயர் கிடைத்தால்தான் வெற்றி என்று ஒரு மயக்கம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. டெட்டனோசெரா படம் ஒன்றுக்கு உடல் நிறத்தை வைத்து இனப் பெயர் எழுதினேன். அதே கரையில் அடுத்த வாரம் கொஞ்சம் வெளிறிய ஒன்று கிடைத்தது. அதற்கு இன்னொரு இனப் பெயர். இரண்டும் ஒரே இனமாக இருக்கலாம், இரண்டுமே நான் எழுதிய இனங்களாக இல்லாமலும் இருக்கலாம். டெட்டனோசெராவின் பல இனங்களை ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். வட அமெரிக்க டிக்டியாக்களும் அப்படியே, பெர்பெல்லியாவில் பலவும் அப்படியே. படத்தில் வயிற்று நுனி உருண்டு கீழே மடங்கியிருந்தால் ஆண், கூம்பிப் போனால் பெண் என்ற அளவுக்குத்தான் நமக்குத் தெரியும். அதைக் குறித்து வையுங்கள், அதற்கு மேல் ஊகிக்க வேண்டாம்.

மறுபக்கம், படமே போதும் என்னும் இனங்களும் உண்டு. கோரமாசெரா மார்ஜினேட்டாவை முன்பே சொன்னேன். வட அமெரிக்காவின் போசிலோகிராஃபா டெகோரா இன்னொன்று: அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்றுதான், கறுத்த இறக்கைக் கோலமும் வேறு எதிலும் இல்லாதது. ஆக, "படத்தில் இனம் சொல்ல முடியுமா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அந்த வட்டாரத்தில் அந்தப் பேரினத்துக்கு எத்தனை இனங்கள், அவற்றைப் பிரிக்கும் அடையாளம் வெளியே தெரிகிறதா உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் வட்டாரத்துக்கான இனப் பட்டியலையும், ஒவ்வொரு அடையாளமாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் அடையாள அட்டவணையையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். வேறு கண்டத்துக்கு எழுதிய அட்டவணையைப் பயன்படுத்தினால் அது உங்களைக் கூச்சமே இல்லாமல் தவறான பெயரில் கொண்டுபோய் நிறுத்தும்.

படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் செயலிகளுக்கும் இதே கதைதான். பிரபலமான, அதிகம் படமெடுக்கப்பட்ட இனத்தின் பெயரை அவை முதலில் நீட்டும். நான் அதைத் தேடலின் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். சொன்ன பெயரின் அடையாளங்கள் என் படத்தில் ஒவ்வொன்றாகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

ஒரு படத் தொகுப்பை வைத்துப் பார்ப்போம்

உங்களிடம் நான்கு படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது தூரத்திலிருந்து: கோரைத் தண்டில் தலைகீழாக ஒரு ஈ, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்ததில் 7 மில்லிமீட்டர் அளவு. இரண்டாவது பக்கவாட்டில், தலை கூர்மை, வயிறு மங்கல். மூன்றாவது மேலிருந்து, சுமார். நான்காவது இறக்கை.

பக்கவாட்டுப் படத்தில் பின் கீழ்க்காலின் நுனிக்கு முன்னால் முள் தெரிகிறது, மீசை இல்லை. இறக்கைப் படத்தில் கடைசி நரம்பு விளிம்பைத் தொடுகிறது, முன்விளிம்பில் பெரிய முட்கள் இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் தலையுச்சி முள் ஜோடி மங்கல், குவிகிறதா விலகுகிறதா தெரியவில்லை. பரவாயில்லை, நான்கு அடையாளங்கள் ஒரே பக்கம் நிற்கின்றன. நரம்பு விளிம்பைத் தொடுவதால் லாக்ஸானிடே விலகியது. குடும்பம் முடிந்தது.

உணர்கொம்பின் இரண்டாம் கணு மூன்றாவதோடு ஏறக்குறைய சமம், முன்னங்கால் அடிக்கு மேலே முள் இல்லை, ஆகவே டெட்டனோசெரினி. பின்னந்தொடை சாதாரணம், இரண்டாம் கணு குச்சியாக இல்லை, செபிடான் விலகியது. இறக்கையில் வலையில்லை, குறுக்கு நரம்பில் மட்டும் கறை. கொம்புமயிர் கறுப்பு. நெற்றிப் பட்டை மினுங்குகிறது, ஆனால் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. இங்கே நான் என்ன எழுதுவேன் என்றால், "டெட்டனோசெராவாக இருக்கலாம், நெற்றிப் பட்டை உறுதியில்லை". இனப் பெயருக்கான இடத்தை வெற்றாக விடுவேன். வயிறு மங்கலாக இருப்பதால் ஆணா பெண்ணா என்பதும் வெற்று. பார்க்கச் சப்பென்று இருக்கும் பதிவுதான். ஆனால் நாளை ஒரு நிபுணர் அதைத் திறந்தால் எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று அவருக்கு உடனே விளங்கும். நான் துணிந்து ஒரு இனப் பெயர் எழுதியிருந்தால் அதைக் கலைப்பதிலேயே அவருடைய நேரம் போயிருக்கும்.

பதிவில் தேதி, இடம், நீரின் தன்மை, செடி ஆகியவற்றோடு அருகில் இருந்த நத்தைகளையும் படமெடுத்துச் சேருங்கள். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. காலியான ஓடு கிடைத்தால் உள்ளேயும் எட்டிப் பாருங்கள். பெர்பெல்லியாவின் சில இனங்கள் நத்தையைத் தின்று முடித்ததும் அதே ஓட்டுக்குள் கூட்டுப்புழுவாகின்றன. வாசலைச் சுண்ணாம்பால் ஆன ஒரு தடுப்பு வைத்து அடைத்துக்கொள்ளும். நீரில் வாழும் இனங்களின் கூடுகள் வேறு மாதிரி: செபிடானின் கூடு நுனி மேல்நோக்கி வளைந்து, கரையோரக் குப்பையோடு நீர்ப்பரப்பில் மிதக்கும். காய்ந்த விதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அடுத்த முறை ஈ எதுவும் சிக்காமல் திரும்ப வேண்டியிருந்தால், அந்தக் குப்பையைக் குச்சியால் மெல்ல விலக்கி நாலு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.